காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல

"மேடம், பூமியிலிருந்து காஸ் எடுக்கறது ஊருக்கு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

எங்க லேப்ல புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல என் வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டாங்க. ஏதோ கூட்டத்துல பேசணுமாம். எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துடுச்சு. "ஒரே வார்த்தையில சொல்றதுக்கு நான் என்ன கிளி ஜோசியம் பாக்கறவளா?"ன்னு கேட்டேன். பாவம், ரெண்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிச்சுங்க. அப்புறம் காபி போட்டுக் குடுத்து, உட்கார வெச்சு ஒரு விஷயம் சொன்னேன். இதை எழுதிக் குடுங்க மேடம்னு அதுங்கதான் பிடிவாதம். அதான் எழுதறேன்.

இப்போ எல்லாம் போர்வெல்லுக்குள்ள ஒரு கருவியை இறக்கிடறாங்க. அதுவே தண்ணி மட்டம், உப்பு, வாயு எல்லாத்தையும் அளந்து ஆபீசுக்கு அனுப்பிடுது. நடுவுல மனுஷ வாயே கிடையாது. எங்க காலத்துல வாய்தான் கருவி. அந்த வாயால நாங்க வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சநஞ்சம் இல்ல.

நான் கோலார் தங்க வயல்ல பொறந்தவ. அப்பா சுரங்கத்துல இறங்கினவர். வீட்டுக்கு எதிர்ல, தங்கத்தைப் பிரிச்செடுத்துட்டுக் கொட்டின சயனைட் மண்ணு மலை மாதிரி குமிஞ்சு கிடக்கும். ஆடி மாசக் காத்துல அது பறந்து வந்து சோத்துத் தட்டுலயே விழும். அம்மா திட்டிக்கிட்டே முந்தானையால மூடுவாங்க. சுரங்கத்தை இழுத்து மூடினப்போ அந்த மண்ணு அப்படியே இருந்துச்சு, சோறுதான் இல்ல. அப்பா அதுக்கப்புறம் அதிகம் பேசவே இல்ல. அதனால, "சுரங்கம் வேணாம்"னு ஒருத்தர் சொன்னாலும் "வேணும்"னு ஒருத்தர் சொன்னாலும் எனக்கு ரெண்டு பேர் மேலயும் இரக்கம்தான் வரும். படிச்சது கெமிஸ்ட்ரி. தினம் ரயில்ல பெங்களூருக்கு வந்து, அல்சூர் பக்கத்துல ஒரு சின்ன லேப்ல பாட்டில் கழுவற வேலையில சேர்ந்து, கல்யாணம் ஆகி, ஆஸ்டின் டவுனுக்குக் குடி வந்து, கடைசியில அங்கேயே சீனியர் ஆகி ரிட்டயர் ஆனேன். என் வாழ்க்கைச் சரித்திரம் அவ்வளவுதான்.

எங்க லேப் தலைவர் ராவ் சார். சாம்ராஜ்பேட்டைக்காரர், கன்னடம்தான் வீட்டுப் பேச்சு. தமிழ் புரியும், பேசினா நமக்குச் சிரிப்பு வரும். குரலை உசத்தி நான் கேட்டதே இல்ல. கோவம் வந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். நாம எதைக் கண்டுபிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினாலும் முழுசாக் கேட்டுட்டு, "ஆமேலே?"ன்னு ஒரு வார்த்தை கேட்பார். அப்புறம் என்னன்னு அர்த்தம். "தண்ணியில குளோரைடு ஜாஸ்தி சார்." "ஆமேலே?" "போன மாசம் இவ்வளவு இல்ல சார்." "ஆமேலே?" இப்படியே போகும். நாம அழற நிலைமைக்கு வந்த பிறகுதான், அடடா, இதைப் பாக்காம விட்டுட்டோமேன்னு ஒண்ணு தோணும். அது தோணற வரைக்கும் அவர் விட மாட்டார்.

காஸ் கிணறு தோண்டற கம்பெனிகளுக்கு நாங்க தண்ணி பரிசோதனை பண்ணிக் குடுப்போம். தோண்டறதுக்கு முன்னாடியே சுத்துவட்டாரத்துல இருக்கற போர், கைப்பம்பு எல்லாத்துலயும் தண்ணி எடுத்து வெச்சுக்கணும். தோண்டும்போதும் எடுக்கணும், முடிஞ்ச பிறகும் எடுக்கணும். பூமிக்குக் கீழ இருக்கற வாயு குடிதண்ணியில கலந்துடக் கூடாதுன்னுதான் கிணத்துக்குள்ள இரும்புக் குழாய் இறக்கி, சுத்தி சிமெண்ட் ஊத்தறாங்க. அது ஒழுங்கா நிக்குதான்னு வெளியிலிருந்து பாக்கறது எங்க வேலை.

தண்ணி எடுக்கறதுன்னா குடத்தைப் பிடிக்கற மாதிரி இல்ல. முதல்ல கை நோகற அளவு பம்பு அடிச்சு, குழாய்ல தேங்கியிருக்கற பழைய தண்ணியை வெளியேத்தணும். அதே தண்ணியில பாட்டிலைக் கழுவணும். நுரை வராம, பாட்டில் சுவரோரமா வழியவிட்டு நிரப்பணும். வாய் வரைக்கும் நிறைஞ்சதும், ஒரு வாளித் தண்ணிக்குள்ள முக்கி, உள்ளேயே மூடியைத் திருகணும். அப்புறம் தலைகீழாக் கவிழ்த்துப் பாக்கணும். மிளகு அளவு குமிழ் தெரிஞ்சாலும் கொட்டிட்டு முதல்லேர்ந்து பண்ணணும். ஏன்னா தண்ணியில கரைஞ்சிருக்கற வாயு அந்தக் குமிழுக்குள்ள ஓடிப்போயிடும், லேப்ல ஒண்ணும் இல்லன்னு காட்டும். ஊர் ஜனங்க என்னைச் சுத்தி நின்னு, இந்தம்மா என்ன பாட்டிலைக் குளிப்பாட்டுதுன்னு சிரிப்பாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பூமியிலிருந்து வர்ற இந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. நம்ம அடுப்படி சிலிண்டர் நாத்தம், கசிஞ்சா தெரியணுமேன்னு அப்புறமா சேர்க்கறது. ஆக, ஒரு போர்வெல்லுக்குள்ள காஸ் வந்தா மூக்குக்குத் தெரியாது. பக்கத்துல யாராவது அடுப்பு பத்த வெச்சாத்தான் தெரியும். ராவ் சார் ராத்தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு பயம்தான்.

நான் சொல்ல வந்த விஷயம் நடந்த ஊர் காவிரி கடலைத் தொடற பக்கம். பேர் வேணாம். வயலுக்கு நடுவுல கம்பி வேலி போட்டு ரிக்கை நிறுத்தியிருந்தாங்க. ரிக்குன்னா துளை போடற பெரிய இரும்புக் கோபுரம். அது வந்ததிலிருந்து ஊர் ரெண்டுபட்டுப் போச்சு. ரோடு வந்துச்சு. கேட் காவல், சமையல், லாரி ஏத்து இறக்குன்னு ஊர்ப் பசங்களுக்கு வேலை வந்துச்சு. சத்தமும் வந்துச்சு, புழுதியும் வந்துச்சு. வேலி ஓரத்து வயல்ல சேறு வழிஞ்சு நாத்து அழுகிப்போச்சுன்னு ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டினார். அவர் பேரனே அந்த ரிக்ல வெல்டர்.

வேலிக்கு எதிர்லதான் செல்வியோட வீடு. முன்னாடி இட்லிக் கடை, பின்னாடி போட்ட போர்ல கைப்பம்பு. ரிக் ஆளுங்களும் லாரி டிரைவர்களும்தான் அவ கடைக்குக் கிராக்கி. கணவர் திருப்பூர்ல வேலை, பிள்ளைங்க இவகிட்ட. அப்பா அம்மா சின்ன வயசுலயே போயிட்டதால தம்பி முருகேசனை அவதான் இடுப்புல தூக்கி வளர்த்தா. அந்தத் தம்பி எங்கெங்கயோ அலைஞ்சு ஒண்ணும் அமையாம, கடைசியில ரிக்குக்குத் தண்ணி குடுக்கற பெரிய போர்ல மோட்டார் ஓட்டற வேலை கிடைச்சு நிமிர்ந்து நின்னான். காக்கிச் சட்டை, தலையில மஞ்சத் தொப்பி. "என் தம்பி கம்பெனியில இருக்கான்க்கா"ன்னு செல்வி சொல்லும்போது அவ முகத்தைப் பாக்கணுமே! அவனுக்குப் பொண்ணு கூடப் பார்த்து வெச்சிருந்தா.

தோண்டற வேலை நடந்துகிட்டிருக்கும்போது ஒரு நாள் நான் பாட்டில் பெட்டியோட அவ வீட்டுப் பின்பக்கம் போய் பம்பைப் பிடிச்சேன். ஒரே லேசா இறங்குது. ஸ்ஸ்னு வெறும் சத்தம்தான், சொட்டுத் தண்ணி இல்ல.

"என்ன செல்வி, வாஷர் போச்சா?"

அவ இட்லித் தட்டைக் கீழ வெச்சுட்டுக் கிட்ட வந்தா. குரலைத் தாழ்த்திக்கிட்டா. "வாஷர்லாம் புதுசுதான்க்கா. அந்தப் பக்கம் மோட்டார் ஓடுதுல்ல, அப்ப இங்க வராது. நிறுத்தினா ஊறும். இப்ப பெரிசா எதையோ தோண்டறாங்களாம், மோட்டாரை நிறுத்தறதே இல்ல. வாய்க்கால்லேர்ந்துதான் தூக்கிட்டு வர்றேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு மோட்டார் போடறா? என் தம்பி. நான் போய்ச் சொன்னா யார் சீட்டு கிழியும்? நீங்களும் ஒண்ணும் எழுதிடாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தண்ணி எடுக்க முடியலன்னா உடனே ஆபீசுக்குச் சொல்லியாகணும், அது சட்டம். காரணம் சொல்லாம, விஷயத்தை மட்டும் சொல்லிடலாம்னு ராவ் சாருக்குப் போன் போட்டேன். சிக்னல் விட்டு விட்டு வருது. ரிக் சத்தம் வேற காதைக் கிழிக்குது. அவர்கிட்ட நான் பாதி கன்னடம் பாதி தமிழ்லதான் பேசுவேன். "சார், செல்வி மனே போர்... காலி சார்!"னு கத்தினேன்.

"ஏனு? பரீ காலினா?"ன்னு அவர் கேட்டார். மனேன்னா வீடு, பரீன்னா வெறும்.

"ஹூம் சார், பரீ காலி! பம்பு அடிச்சா ஸ்ஸ்னு சத்தம்தான் வருது!"

போன் கட்டாயிடுச்சு.

இங்கதான் பெங்களூர்க்காரங்களுக்கு மட்டுமே வரக்கூடிய வினை வந்து சேர்ந்துச்சு. கன்னடத்துலயும் காலின்னா காலிதான். ஆனா அவங்க முதல் எழுத்தை மூச்சை அழுத்திச் சொல்வாங்க. நாங்க கோலார்த் தமிழங்க அதை கங்கையில வர்ற ரெண்டாவது 'க' மாதிரி மெத்துன்னு சொல்வோம். அப்படி மெத்துன்னு சொல்லி, கூட ஒரு 'ளி'யும் போட்டா கன்னடத்துல அது காத்து! கெட்ட சிக்னல்ல லியாவது ளியாவது. போர் வறண்டு கிடக்குன்னு நான் சொன்னேன். போர்லேர்ந்து வெறும் காத்து ஸ்ஸ்னு வருதுன்னு அவர் கேட்டுக்கிட்டார். ராப்பகலா எதுக்குப் பயந்துகிட்டிருந்தாரோ அதையே நான் சொன்ன மாதிரி ஆயிடுச்சு.

அவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. கம்பெனி பெரிய ஆபீசுக்கே போன் பண்ணிட்டார். நான் பெட்டியை மூடறதுக்குள்ள ரிக்ல சங்கு ஊதுது! சேஃப்டி ஆளுங்க ஓடி வர்றாங்க. அடுப்பை அணை, சுவிட்சைத் தொடாதே, வெளிய வா, வெளிய வா! செல்வியோட அடுப்புல ஒரு வாளித் தண்ணியை அடிச்சு ஊத்தினாங்க. அதுவும் அவ வாய்க்கால்லேர்ந்து சுமந்துகிட்டு வந்த தண்ணி. ஜனங்க ஆடு மாடு குழந்தைங்களோட பள்ளிக்கூடத்துக்கு ஓடறாங்க. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு"ன்னு நானும் கூடவே ஓடறேன். "செல்வி வீட்டு போர்ல காஸ் வருதாம்மா, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே!"ன்னு ஒருத்தர் சொல்றார். எனக்குத் தலை சுத்திடுச்சு. நான் எப்போய்யா கண்டுபிடிச்சேன்?

ராவ் சார் காரை எடுத்துக்கிட்டு விடியறதுக்குள்ள வந்து சேர்ந்தார். அதுக்குள்ள காஸ் டிடெக்டரை போர் வாயில பிடிச்சுப் பாத்திருந்தாங்க, ஒண்ணும் காட்டல. மறுபடி மறுபடி பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. சைட் மேனேஜர் வினோத் கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு. பாவம், மேலேர்ந்து வாங்கின திட்டுல முகம் வெளுத்துக் கிடந்தார். "என்ன மேடம் சொன்னீங்க போன்ல?"ன்னு கேட்டார். சொன்னேன். ராவ் சார் என்னைப் பார்த்தார். "காலினா?"ன்னார் அழுத்தி. "ஆமா சார், காலி"ன்னேன் மெத்துன்னு. வினோத் தலையில கையை வெச்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சார். சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. எனக்கும் பொத்துக்கிட்டு வந்துச்சு.

ராவ் சார் மட்டும் சிரிக்கல. "சரி, காலி. ஆமேலே? ஏன் காலி?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நானும் வாயைத் திறக்கல. திறக்க வேண்டிய அவசியமும் இல்லாம போச்சு, அந்த மனுஷன் தானே போய் போர் பக்கத்துல குத்துக்காலிட்டு உட்கார்ந்துட்டார். களேபரத்துல ரிக்குக்குத் தண்ணி குடுக்கற மோட்டார் நின்னு கிடந்துச்சா, உள்ள தண்ணி ஊறியிருந்துச்சு. முனையில குண்டு கட்டின டேப்பை உள்ள விட்டு மட்டத்தைப் பார்த்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். முருகேசன் போய்ப் போட்டான். திரும்ப டேப்பை விட்டார், மட்டம் இறங்கிக்கிட்டே போச்சு. நிறுத்தச் சொன்னார், மெல்ல ஏறுச்சு. மறுபடியும் போடச் சொன்னார். முருகேசன் ஷெட்டுக்கும் வீட்டுக்குமா நடந்துகிட்டே இருந்தான். அவனுக்கு அப்போதான் புரிஞ்சுதுன்னு நினைக்கிறேன். மூணாவது தரம் நடந்தப்போ தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சிருந்தான்.

வினோத் கெட்டவர் இல்ல. நியாயமாத்தான் பேசினார். "சார், தோண்டறப்போ சேறு கலந்த தண்ணி உள்ள போய் வந்துகிட்டே இருக்கணும். நிறுத்தினா துளை சரிஞ்சுடும், கீழ இருக்கற காஸ் மேல எகிறும். அதுதான் உண்மையான ஆபத்து. உங்களைக் கூப்பிட்டது தண்ணியில காஸ் இருக்கான்னு பாக்க. இல்ல. அத்தோட முடிஞ்சுது. கோடையில போர் வத்தறது சகஜம்தானே?"

ராவ் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நாங்க ஒரு நாள் பார்த்ததை வெச்சு நீங்க கோடைன்னு சொல்லிடலாம். தினம் பம்பு அடிக்கற அந்த வீட்டுக்காரங்க சொன்னா கோடைன்னு சொல்ல முடியாது"ன்னு அவரோட கன்னடத் தமிழ்ல மெதுவாச் சொன்னார்.

பள்ளிக்கூடத்துல கூடியிருந்த ஜனங்ககிட்ட ஆபத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். எல்லாரும் அங்க போனோம். போற வழியில செல்வி என் முழங்கையைப் பிடிச்சு நிறுத்தினா. "அக்கா, அந்த சார் என்னைக் கேப்பாரா?"

"கேப்பார் செல்வி. இல்லன்னு சொன்னா விட்டுடுவார், வற்புறுத்த மாட்டார்."

"நீங்க எல்லாம் பெங்களூருக்குப் போயிடுவீங்க. நான் இவங்க முகத்துலதானே முழிக்கணும். ஊர்ல பாதிப் பேரு அந்தக் கம்பெனிச் சோறு. என் தம்பியும்."

சொல்லுன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல, சொல்லாதேன்னு சொல்லவும் வாய் வரல.

வினோத் எழுந்து, காஸ் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்னு சொன்னதும் ஜனங்க கை தட்டினாங்க. இன்னைக்கு வேலை உண்டான்னு நாலு பசங்க கேட்டாங்க. ராவ் சார் எழுந்தார். "காத்து இல்ல, சந்தோஷம். ஆனா நீரும் இல்ல. அந்தப் போர்ல ஏன் நீரு இல்ல, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார்.

எல்லாரும் செல்வியைத் திரும்பிப் பார்த்தாங்க. வாசல்ல முருகேசன் மோட்டார் ஷெட் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுகிட்டிருந்தான். அவ அவனைப் பார்த்துக்கிட்டேதான் பேசினா.

"மோட்டார் ஓடினா என் பம்புல தண்ணி வராதுங்க. நின்னா வரும். மாரியாயி வீட்லயும் அப்படித்தான், கோயில் பம்புலயும் அப்படித்தான். யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து என் அடுப்புல ஊத்தின தண்ணியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அவ்வளவு தூரம் சுமந்தேங்க அதை."

சொல்லிட்டு உட்கார்ந்துட்டா. "உன் தம்பி சோத்துலயே மண்ணைப் போட்டியே!"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல் வந்துச்சு. முருகேசன் யாரையும் பாக்கல. சாவியைக் கொண்டுவந்து வினோத் முன்னாடி மேஜையில வெச்சான், வெளிய போயிட்டான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். வினோத் மேலதிகாரிங்ககிட்டப் பேசி, ஆத்துப் பக்கத்திலிருந்து லாரியில தண்ணி கொண்டுவர ஏற்பாடு பண்ணினார். மோட்டார் ஷெட்டைப் பூட்டினாங்க. முருகேசனுக்கு வேற வேலை போட்டுக் குடுங்கன்னு ராவ் சார் கேட்டார், பாக்கறோம்னாங்க. அந்தப் பாக்கறோம் எந்தப் பாக்கறோம்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணு வீட்டுக்காரங்களும் பின்வாங்கிட்டாங்க. எங்க லேபுக்கு அந்தக் கம்பெனி அதுக்கப்புறம் வேலை தரல. "போகட்டும் பிடும்மா, விடும்மா"ன்னுட்டு ராவ் சார் வேற கம்பெனி ஃபைலை எடுத்தார். கிணத்துல காஸ் வந்துச்சு. குழாய் வழியா எங்கயோ ஒரு ஃபேக்டரிக்குப் போகுதுன்னு சொன்னாங்க. அந்த ஃபேக்டரியால எத்தனை வீட்டு அடுப்பு எரியுதோ, அதையும் நான் மறுக்க மாட்டேன். ரிக்கைக் கழட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோனாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு செல்வி போன் பண்ணினா. "அக்கா, பம்புல தண்ணி முன்ன மாதிரியே வருதுக்கா. கோயில் பம்புலயும் வருது. கரிப்பு இல்ல, கலங்கல் இல்ல."

"நல்லதாப் போச்சு செல்வி"ன்னேன்.

அந்தப் பக்கம் விசும்பற சத்தம் கேட்டுச்சு. "தம்பிதான்க்கா... என் வீட்ல கை நனைக்க மாட்டேங்கறான். வர்றான், வாசல்லயே நிக்கறான், பிள்ளைங்களைக் கொஞ்சறான், போயிடறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

நம்பர் வாங்கிப் போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசினான். அக்கா மேல கோவமாப்பான்னு கேட்டேன். "ஐயோ, இல்ல மேடம். அது சொன்னது நியாயம்தானே. அதுகிட்ட எனக்கு என்ன கோவம்?"

"அப்புறம் ஏம்ப்பா ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்கறே?"



"தண்ணி நல்ல தண்ணிதான் மேடம். எனக்குத்தான் தொண்டையில இறங்க மாட்டேங்குது."